யார் கையால் செய்த பரிசு?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது முதல் ஆளாகக் கைதட்டும் பொம்மையைப் போட்டவளே வீட்டின் மூத்த மருமகள்தான். அதை நினைத்தால்தான் மூத்தவளுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

செய்தியைப் போட்டவள் சின்னவள். மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஓர் அலுவலகத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு வைக்கிற உத்தியோகம். அவள் பேசினால் எதிரே இருப்பவர் தலையாட்டாமல் தப்ப முடியாது.

“வருஷக் கடைசி லீவு வருது. வழக்கம்போல சீட்டு எடுப்போம், பரிசு குடுப்போம். ஆனா இந்தத் தடவை யாரும் கடையில எதுவும் வாங்கக் கூடாது. நாம வாங்கறதுல பாதி குப்பைக்குத்தான் போகுது. யோசிச்சு, மனசு வச்சு, வீட்டுல இருக்கறதை வச்சு நம்ம கையால செஞ்சு குடுப்போம். ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலயும் ஒருத்தரோட உழைப்பு இருக்குன்னு அப்பதான் நமக்குப் புரியும்.”

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த வீட்டுப் பரணைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெட்டியைவிட்டு வெளியே வராத கால் பிடித்துவிடும் கருவி, ஒரே மாதிரி மூன்று கைப்பைகள், முட்டையை மட்டுமே அவிக்கத் தெரிந்த மின்சாரப் பாத்திரம். போன வருடம் மாமியாருக்கு வந்த பேசும் கடிகாரத்தை எப்படி வாயடைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. போர்வையில் சுற்றி மூலையில் வைத்திருந்தார்கள். அது உள்ளேயிருந்தே மணிக்கொரு தரம் முனகிக்கொண்டிருந்தது.

சீட்டு எடுப்பது மாமனார் காலத்து வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் ஏழு பேரின் பெயரையும் எழுதி மடித்து, ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு யார் பெயர் வந்தது என்று மூச்சு விடக் கூடாது. விடுமுறை நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து, பரிசைக் கையில் கொடுக்கும்போதுதான் தெரிய வேண்டும். புருஷன் பெண்டாட்டிகூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் கட்டிக்காத்த ரகசியம் அது. மாமனார் போன பிறகும் ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை.

மூத்தவளுக்கு வந்தது மாப்பிள்ளையின் பெயர். அதாவது, நாத்தனாரின் கணவர். தலை வழுக்கையாகிக்கொண்டே வருகிற மனிதர். அவருக்கு ஒரு துணித்தொப்பி. கைவசமிருந்த கம்பளித் துண்டில் ஒரே உட்காரலில் தைத்து, அலமாரியில் வைத்துவிட்டாள். கடை கடையாக ஏறி இறங்காமல், வரிசையில் நிற்காமல் பரிசு வேலை முடிந்தது. சின்னவளை மனதாரப் பாராட்டினாள்.

அவளுடைய தொழிலே அதுதான். ஒரு பெரிய ரெடிமேட் துணிக்கடையின் மேல்மாடியில், உடை மாற்றும் அறைகளுக்குப் பின்னால், ஆல்டரேஷன் பிரிவு. ஜன்னல் கிடையாது. இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் புதுத்துணியின் பசை வாடையும்தான் அங்கே காற்று. வருடக் கடைசி வந்துவிட்டால், ‘இன்றே வேண்டும்’ என்று சிவப்புச் சீட்டு குத்திய பேண்ட்டுகள் மேஜையிலிருந்து தரைக்கு வழியும். விடுமுறைக்கு முந்தைய நாளில் அவளுக்கு லீவு கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை.

அவள் கணவர் பஸ் டிரைவர். ஊரே லீவு எடுக்கிற நாளில்தான் அவருக்கு வண்டி. ஊரெல்லாம் வேலைக்குப் போகிற நாளில் அவர் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இப்படித்தான், ஒருவர் வர ஒருவர் போக.

இந்த வருடம் அதிசயமாக இரண்டும் கூடிவந்தன. கடை முதலாளி ஆல்டரேஷன் பிரிவை ஒரு நாள் முன்னதாகவே மூடுவதாகச் சொன்னார். டெப்போவில் கணவருக்கும் அதே நாள் ஓய்வு விழுந்தது. விடுமுறைக்கு முந்தைய நாள், முழுசாக ஒரு நாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

“எங்க போகலாம் சொல்லு. ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்” என்றார் அவர்.

“உங்க பஸ்ல போகணும்.”

“என் பஸ்ஸா? அதுல என்ன இருக்கு?”

“நீங்க ஓட்டக் கூடாது. வேற யாராவது ஓட்டட்டும். நீங்களும் நானும் பக்கத்துல பக்கத்துல சீட்டுல உக்காந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போகணும். உங்க பஸ்ல நான் ஏறுனப்பல்லாம் உங்க பின்மண்டையைத்தான் பாத்துட்டு வந்திருக்கேன்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “போகலாம். கண்டிப்பா போகலாம்” என்றார்.

அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் சிவப்புச் சீட்டுகளுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

முதலில் வந்தவன் கொழுந்தன். படிக்கட்டில் அவளை மடக்கிக் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணி, ஒரு சின்ன உதவி. எனக்கு எங்க அக்கா பேரு வந்திருக்கு. என்னோட பழைய ஜீன்ஸ் ரெண்டு இருக்கு. அதுல ஒரு தோள்பை தைச்சுக் குடுத்தீங்கன்னா போதும்.”

“கையால செய்யணும்னு உன் பொண்டாட்டிதானே சட்டம் போட்டா?”

“கையாலதான் அண்ணி. உங்க கையால.” அவனே சிரித்துக்கொண்டான். “எனக்கு ஊசியில நூல்கூடக் கோக்க வராது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்.”

சின்ன வேலைதான். சரி என்றாள்.

அடுத்து மாமியார். சமையலறையில் காய் நறுக்கும்போது தற்செயலாகப் பேச்சை எடுப்பவர் போல எடுத்தார். “பெரியவளே, உங்கிட்டச் சொன்னா வெளியில போகாது. எனக்கு என் சின்னப் பையன் பேரு வந்திருக்கு. ராத்திரி பகலா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கழுத்து வலின்னு அழறான். கழுத்தைச் சுத்தி வச்சுக்கற மாதிரி ஒரு தலகாணி தைச்சுக் குடேன். எனக்குக் கண்ணு தெரியறதில்ல.” தொலைக்காட்சியில் ஓடும் பொடி எழுத்தையெல்லாம் வாசித்துவிடும் கண் அது.

பிறகு மாப்பிள்ளை தொலைபேசியில் வந்தார். “தங்கச்சி! என் தங்கமே!” என்று ஆரம்பித்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. “மச்சான் பேரு எனக்கு. முதுகுவலியோட வண்டி ஓட்டறாரு பாவம். சீட்டுல முதுகுக்கு வைக்கிற மெத்தை ஒண்ணு... நீயே தைச்சிட்டா அவருக்கும் அளவு சரியா இருக்கும். அவர் முதுகை என்னைவிட உனக்குத்தானே நல்லாத் தெரியும்?”

தன் புருஷனுக்கு மெத்தை. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சட்டம் போட்டவள் கடைசியாக வருவாள் என்று பார்த்தால், நடுவிலேயே வந்தாள். இரண்டு கை நிறையத் துணிமூட்டை.

“அக்கா, அத்தைக்கு ஒரு போர்வை. எல்லாரோட பழைய துணியையும் சதுரம் சதுரமா வெட்டி ஒட்டுப்போட்டு... போர்த்திக்கும்போது மொத்தக் குடும்பமும் அவங்களைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கணும்.” சொல்லும்போதே சின்னவளின் கண் கலங்கியது. “யோசனை என்னோடது. தைக்கிறது மட்டும் நீங்க.”

“தைக்கிறது மட்டும்” என்று மூத்தவள் திருப்பிச் சொன்னாள்.

“ஆமாக்கா, அவ்வளவுதான்!”

ஒரு ஒட்டுப்போர்வை எத்தனை சதுரம், எத்தனை மூலை, ஒவ்வொரு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் எப்படி இளிக்கும் என்பதெல்லாம் அந்தக் கலங்கிய கண்ணுக்குத் தெரியவில்லை. மூத்தவளுக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். அந்தச் சுபாவத்தின் மேல் அவளுக்கே இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

ஒவ்வொருவரும் தாங்கள் மட்டும்தான் கேட்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தார்கள். ரகசியம் அப்படிப்பட்டது. யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன உதவி, ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். சேர்ந்து ஒரு மலையானது அவள் ஒருத்தியின் மேஜையில் மட்டும்தான்.

நாத்தனார் வந்ததுதான் உச்சம்.

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். சூதுவாது தெரியாது. ஒரு சாயங்காலம் அண்ணியின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“அண்ணி, ஒரு நைட்டி தைக்கணும். யாருக்குன்னு கேக்காதீங்க. துணி கொண்டு வந்திருக்கேன். இந்தப் பச்சை நிறம் நல்லா இருக்கா? உங்களுக்குப் பிடிச்சிருக்கா? சும்மாதான் கேட்டேன்.”

“நல்லா இருக்கு. யாருன்னு சொல்ல வேண்டாம், அளவு சொல்லு.”

“அளவா?” நாத்தனார் தடுமாறினாள். “உயரம் சுமாரா... நடுத்தரம். நடுத்தரமா, கொஞ்சம் பூசுன மாதிரி.”

“அப்படியெல்லாம் தைக்க முடியாதும்மா. அவங்க போடற பழைய துணி ஒண்ணு எடுத்துட்டு வா. அளவுக்கு வச்சு வெட்டிடறேன்.”

மறுநாள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தாள் நாத்தனார். ஏதோ கடத்தல்காரியைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தாள். “அவங்களுக்கே தெரியாம எடுத்தேன் அண்ணி. வெட்டினதும் திருப்பிக் குடுத்துடுங்க, கொடியிலயே போட்டுடறேன்.”

மூத்தவள் பிரித்தாள். பழுப்பேறிய பூப்போட்ட நைட்டி. கழுத்துப் பட்டி கிழிந்து, உள்பக்கம் வேறு துணி கொடுத்துத் தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையலை அவளுக்குத் தெரியாதா? போன மழைக்காலத்தில் அவளே உட்கார்ந்து தைத்தது. காலையிலிருந்து காணோம், காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது போல என்று தேடிக்கொண்டிருந்த அவளுடைய சொந்த நைட்டி.

நாத்தனார் பெருமிதத்தோடு நின்றாள். ஒரு துளி சந்தேகம் இல்லை அந்த முகத்தில்.

“சரி, வச்சுட்டுப் போ” என்றாள் மூத்தவள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மறுநாள் கடையில், பக்கத்து மேஜைக்காரியிடம் இதைக் கொட்டினாள். பட்டன், கொக்கி, ஜிப் எல்லாம் அவள் பொறுப்பு. எல்லாரும் ‘பட்டன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டன் அக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுத்தான் சிரித்தாள். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“அப்போ உனக்கு நீயே தைச்சு, நீயே மடிச்சு, லீவு நாள்ல நீயே பிரிச்சுப் பாத்து, ‘அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு, யாரு தைச்சது’ன்னு வேற கேக்கணும். நடிப்புக்குத் தனியாக் கூலி கேளுடி.”

“சிரிக்காதீங்க அக்கா. எனக்கு அழுகையா வருது.”

“அழு. ஆனா நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஒருத்தருக்காவது முடியாதுன்னு சொன்னியா?”

அவள் ஒரு பேண்ட்டின் காலை மடித்து இஸ்திரியை அழுத்தினாள். ஆவி முகத்தில் அடித்தது.

சாயங்காலங்களில் எல்லாவற்றையும் வெட்டி மட்டும் வைத்தாள். தோள்பை, தலையணை, மெத்தை உறை, நைட்டி, போர்வைச் சதுரங்கள். வெட்டி முடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். தைக்க நேரம் எங்கே? கடையிலிருந்து வந்து சமைத்து முடிப்பதற்குள் கைவிரல்கள் மரத்துப்போகின்றன. ஒரே ஒரு முழுநாள்தான் மிச்சம் இருந்தது. அது எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி யோசிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

விடுமுறைக்கு மூன்று நாள் முன்னால், அவள் கணவர் டெப்போவிலிருந்து நேராகக் கடைக்கு வந்து அவளை அழைத்துப்போனார். தெருவில் நடக்க இடமில்லை. கடைவாசல் ஒவ்வொன்றிலும் விளக்குத் தோரணம், தள்ளுபடிப் பலகை, இரண்டு கையிலும் பைகளோடு மோதிக்கொண்டு போகும் ஜனம். யாரோ ஒருவருடைய பை கிழிந்து, ஆரஞ்சுப் பழங்கள் தார்ச்சாலையில் உருண்டன. அவர் ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதர்தான். அதனால்தான் அடுத்து அவர் சொன்னது அவளுக்கு அவ்வளவு வலித்தது.

“ஏம்மா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்குச் சின்னவ பேரு வந்திருக்கு. அவ கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு அலையறா, ஒரு உறை தைச்சுக் குடுத்துடேன். என் பழைய யூனிஃபார்ம் துணி இருக்கு. உனக்கு அது ஒரு நிமிஷ வேலை.”

அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு கடந்தார்கள்.

“நீங்களுமா?”

“ஏன், வேற யாரு கேட்டா?”

“எல்லாரும்! உங்க அம்மா, உங்க தம்பி, உங்க தங்கச்சி, உங்க மாப்பிள்ளை, உங்க தம்பி பொண்டாட்டி. ஒருத்தர் பாக்கியில்ல. நீங்க ஒருத்தர்தான் பாக்கின்னு நினைச்சு சந்தோஷமா இருந்தேன். உங்க தங்கச்சி எனக்குக் குடுக்கப்போற பரிசையே என்கிட்டத் தைக்கக் குடுத்திருக்கா. என் நைட்டியையே கொடியிலருந்து திருடிட்டு வந்து அளவுக்குக் குடுத்திருக்கா!”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“சிரிங்க. நல்லாச் சிரிங்க. இதெல்லாம் எப்போ தைக்கிறது? நாளன்னைக்குத்தானே எனக்கு நேரம்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, ஒரு நல்ல மனிதர் நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடியதிலேயே மிக மோசமானதைச் சொன்னார்.

“அப்போ பஸ்ல போறதை அடுத்த வருஷம் வச்சுக்கலாமே. பஸ் எங்க போயிடப்போகுது?”

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வீடு வரும்வரை வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் இரண்டு முறை ஏதோ சொல்லிப்பார்த்தார், காற்றோடுதான் பேசினார்.

கையால் செய்யணுமாம். மனசு வைக்கணுமாம். ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒருத்தரோட உழைப்பு இருக்காம். இருக்கிறது, யார் இல்லை என்றது? கடையில் வாங்கியிருந்தால் முகம் தெரியாத யாரோ ஒருத்தி தைத்திருப்பாள். அவளுக்கு ஒரு சம்பளமாவது கிடைத்திருக்கும். பரணை நிறைக்காமல் இருப்பதற்கு இவளிடம் ஒரு நாளைக் கேட்டார்கள். ஒரு நாள்கூட இல்லை, அந்த ஒரே நாளை. கேட்கக்கூட இல்லை, அது இவளுடையது என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கடையில் மதிய இடைவேளையில் தொலைபேசியை எடுத்தாள். ஆறு பேருக்கும் தனித்தனியாக ஒரே செய்தியை அனுப்பினாள். “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ட்ரையல். நம்ம வீட்டு ஹால்ல. தனியா வாங்க, யாருக்கும் சொல்லாதீங்க.”

பட்டன் அக்கா எட்டிப்பார்த்துவிட்டு, “போர்வைக்கு எதுக்குடி ட்ரையல்?” என்றாள்.

“போர்வைக்கு இல்லக்கா. அதைத் தைக்கச் சொன்னவங்களுக்கு.”

மறுநாள் காலை அவள் குளித்து, நல்ல உடை உடுத்தி, தலைவாரி, சாப்பாட்டு மேஜையைத் துடைத்தாள். வெட்டிவைத்த துணிகளை, முந்தின ராத்திரி வெட்டிய காக்கி உறையோடு சேர்த்து, ஆறு குவியலாக அடுக்கினாள். ஒவ்வொன்றையும் எந்த விளிம்போடு எந்த விளிம்பு சேர வேண்டும் என்று பார்த்துக் குண்டூசி குத்தியிருந்தாள். தைக்க வேண்டிய கோட்டைச் சாக்கட்டியால் வரைந்திருந்தாள். ஒவ்வொரு குவியலின் மேலும் ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு.

மாமியார் தன் அறையிலிருந்து பூனை மாதிரி வந்தார். படிக்கட்டில் இறங்கிய கொழுந்தன், பின்னாலேயே தன் மனைவி வருவதைப் பார்த்து, “நீ எங்க போற?” என்றான். “சும்மா, அக்காவைப் பாக்க. நீங்க?” “சும்மாதான்.” வாசலில் ஒரே வண்டியில் வந்திறங்கிய நாத்தனாரும் மாப்பிள்ளையும், ஒருவருக்கொருவர் என்ன பொய் சொல்லிக்கொண்டு கிளம்பினார்களோ, திருதிருவென்று விழித்தார்கள். குளியலறையிலிருந்து முகத்தைத் துடைத்தபடி வந்த டிரைவர், ஹால் நிறைய ஆட்களைப் பார்த்ததும் துண்டோடு நின்றுவிட்டார்.

“என்ன அண்ணி இது? ட்ரையல்னு...” என்று ஆரம்பித்த நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“உனக்கும் ட்ரையலா?” என்றான் கொழுந்தன்.

“எல்லாருக்கும்தான்” என்றாள் மூத்தவள். “உக்காருங்க.”

யாரும் உட்காரவில்லை. அவள் ஒவ்வொரு குவியலாக எடுத்து உரியவர் கையில் கொடுத்தாள்.

“இது கொழுந்தனார் அவங்க அக்காவுக்குக் குடுக்கற பை. இது அத்தை சின்னப் புள்ளைக்குக் குடுக்கற கழுத்துத் தலகாணி. இது மாப்பிள்ளை அண்ணன் என் வீட்டுக்காரருக்குக் குடுக்கற மெத்தை. இது சின்னவ அத்தைக்குக் குடுக்கற போர்வை. இது என் வீட்டுக்காரர் சின்னவளுக்குக் குடுக்கற உறை.”

“ஏய், ஏய்!” மாமியார் பதறினார். “ரகசியத்தையெல்லாம் போட்டு உடைக்கிறியே! உங்க மாமா கட்டிக்காத்த வழக்கம்மா இது!”

“மாமா கட்டிக்காத்தது என்ன அத்தை? யார் பேரு வந்துச்சோ அவங்களைப் பத்தி யோசிச்சு, அவரே போய்த் தேடிட்டு வருவாரு. ஒரு தடவையாவது என்கிட்ட வந்து ‘நீ செஞ்சு குடு, நான் குடுத்ததாச் சொல்லிக்கறேன்’னு கேட்டிருக்காரா?”

மாமியார் கையிலிருந்த தலையணைத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாத்தனார் கையில் பச்சைத் துணியைக் கொடுக்கும்போது மூத்தவளின் குரல் உடைந்தது. அவளால் தடுக்க முடியவில்லை. “இது உன் அண்ணிக்கு நீ குடுக்கற நைட்டி. அளவுத்துணியைக் கொடியில போட்டுட்டேன், தேட வேண்டாம்.”

நாத்தனார் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. “அண்ணி... உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“நானே ஒட்டுப்போட்டுத் தைச்ச கழுத்துப் பட்டிடி அது!”

மாப்பிள்ளை ‘களுக்’கென்று சிரித்து, மனைவி பார்த்த பார்வையில் நிறுத்தினார்.

சின்னவள்தான் முதலில் சமாளித்தாள். “அக்கா, எனக்குத் தெரியாது, எல்லாரும் உங்ககிட்டயே கேட்டிருக்காங்கன்னு. நான் ஒண்ணு மட்டும்தானே...”

“எல்லாரும் ஒண்ணு மட்டும்தான். அதான் சொல்றேன். நீ எழுதுனதை நான் மனப்பாடமா வச்சிருக்கேன். நம்ம கையால செய்வோம்னு எழுதுன. நம்ம கைன்னா யாரு கை? இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் கை இருக்கா?”

“எங்களுக்குத் தைக்கத் தெரியாதேக்கா.”

“எனக்கும் பொறக்கும்போதே தெரியாது. கடை மூணாவது தெருவுல இருக்கு, போய் வாங்குங்க, நான் தப்பே சொல்ல மாட்டேன். ஒரு நல்ல பொருளா, தேவையானதாப் பாத்து வாங்குங்க. இல்ல, பேப்பர்ல நாலு வரி எழுதிக் குடுங்க. கையாலதான் செய்யணும்னா, கோடு போட்டிருக்கேன், குண்டூசி குத்தியிருக்கேன், கோட்டு மேலயே தைங்க. கோணலா இருந்தா கோணலா இருக்கட்டும்.” நாத்தனார் பக்கம் திரும்பினாள். “உன் நைட்டி ஒரு கை நீளமா ஒரு கை குட்டையா இருந்தாலும் போட்டுக்கறேன். ஆனா நீ தைச்சிருக்கணும்.”

அலமாரியிலிருந்து தொப்பியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள். “இது உங்களுக்கு நான் செஞ்சது அண்ணா. என் சீட்டு. இந்த ஒண்ணுதான் என் வேலை.”

அவர் வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

“இன்னைக்கு எனக்கு லீவு” என்றாள் மூத்தவள். “மத்தியானச் சமையல் யாருதுன்னு நீங்களே சீட்டுக் குலுக்கிக்கங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கணவர் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

தெருமுனையில் பஸ் நிறுத்தம். உள்ளே இருப்பது கோபமா, பயமா, அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தனியாகவாவது போவது என்று முடிவெடுத்திருந்தாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவது. அவர் தினமும் ஓட்டுகிற தடத்து பஸ் வந்தது. ஏறி, இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்து பத்தடி போயிருக்கும், சடாரென்று நின்றது. முன்னாலிருந்த இளம் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “என்ன சார், நீங்களே ஓடி வர்றீங்க? ஓடி வந்து ஏறக் கூடாதுன்னு தினமும் எல்லாரையும் திட்டறது நீங்கதானே?” என்று கத்தினான். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. ஒரு கையில் காக்கித் துணி, வெட்டிவைத்த உறை. குண்டூசிகள் அப்படியே இருந்தன. இன்னொரு கையில் ஊசியும் நூல்கண்டும்.

“கொஞ்சம் நகரு” என்றார்.

அவள் நகராமல் வெளியே பார்த்தாள். அவர் மிச்சமிருந்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

“வீட்டுல?” என்று கேட்டாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

“அம்மா கண்ணாடி தேடறாங்க. மாப்பிள்ளை அடுப்பாங்கரையில நிக்கறாரு, தொப்பியைக் கழட்டல. சின்னவ அந்தச் சதுரத்தையெல்லாம் தரையில பரப்பி வச்சு நடுவுல உக்காந்துட்டு இருக்கா. இன்னும் அழ ஆரம்பிக்கல.”

“நீங்க?”

“நான் என் வேலையை எடுத்துட்டு வந்திருக்கேன்.” ஊசியின் காதை வெளிச்சத்துக்கு உயர்த்தினார். வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தது, நூல் தவறியது. மறுபடி உயர்த்தினார். மறுபடி ஒரு பள்ளம். “இவன் ஓட்டறானா, உழறானா?” என்று முணுமுணுத்தார்.

மூன்று நிறுத்தம் கடந்த பிறகுதான் நூல் ஊசியில் ஏறியது. முதல் குத்திலேயே விரலில் ஏற்றிக்கொண்டார். “ஸ்ஸ்” என்றார். அவள் கை தானாக எழுந்தது. அந்த ஊசியை வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் அந்த விளிம்பை முடித்துவிட அவளால் முடியும். கையை மடக்கி இடுப்போடு வைத்துக்கொண்டாள்.

“அடுத்த வருஷம்னு சொன்னது தப்பு” என்றார் அவர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ம்.”

“உனக்கு நேரமே இல்லாத வேலையை ஒரு நிமிஷ வேலைன்னு சொன்னது அதைவிடத் தப்பு.”

“ம்.”

“கோபம் போகலையா இன்னும்?”

“போகல. போகும்போது சொல்றேன்.”

அவர் தலையாட்டிவிட்டுத் தைத்தார். தையல் கோட்டைவிட்டு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் வெளிப்படையாகவே வேடிக்கை பார்த்தார். கடைகள் குறைந்து, வீடுகள் குறைந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் வர ஆரம்பித்தன. அவருடைய தோள் இவள் தோளில் உரசிக்கொண்டிருந்தது. இந்த ஆளின் பக்கவாட்டு முகத்தை ஓடும் பஸ்ஸில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காதோரம் இவ்வளவு நரைத்திருக்கிறதா?

“இதப் பாரு, சரியா இருக்கா?” என்று துணியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. குனிந்து பார்த்தாள். “கோணல்.”

“பிரிக்கட்டுமா?”

“பிரிங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவில் நேரம் பார்த்து, ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினார்.